பொம்மைப்பட ராஜ்யமும் பஞ்சாயத்து ஆபீசும்

ஜப்பான் தேசத்தில் தயாராகும் சித்திரப் படங்களை நம் பக்கத்து வாலிபர்கள் இரவு பகல் பாராமல் செல்லில் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி, கமுதிக் கடைவீதியில் பெரியவர்கள் பலர் நம்மிடம் குறை சொல்லுகிறார்கள். ‘அனிமே’ என்று அவைகளுக்குப் பெயர். “இருபது வயதாகியும் பொம்மை பார்க்கிறான். பகுத்தறிவு பேசுகிற நீங்கள் இதைக் கண்டித்து எழுதக்கூடாதா?” என்கிறார்கள். கண்டித்து எழுதத்தான் போகிறோம். ஆனால் எதைக் கண்டிப்பது என்பதில்தான் அப்பெரியவர்களுக்கும் நமக்கும் அபிப்பிராய பேதம் இருக்கிறது.

முதலில் பெரியவர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். இவர்கள் சிறு வயதில் கேட்டதெல்லாம் என்ன? முருங்கை மரத்து வேதாளம் முதுகில் தொங்கிக்கொண்டு ராஜாவிடம் நியாயம் பேசின கதை. சிம்மாசனத்துப் படியில் முப்பத்திரண்டு பதுமைகள் வாய் திறந்த கதை. கன்றை இழந்த பசு அரண்மனை வாசலில் மணியடித்த கதை. வேதாளம் பேசலாம், பதுமை பேசலாம், மாடு மணியடிக்கலாம். ஜப்பான்காரன் எழுதிய படத்தில் ஓநாய்க் காது முளைத்த பெண் பேசினால் மட்டும் பிள்ளைகளின் புத்தி கெட்டுவிடுமா? மேலும், இந்த வாலிபர்கள் அந்த ஓநாய்க்காதுப் பெண்ணுக்குக் கோவில் கட்டவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, அவள் பேரால் உண்டியல் வைக்கவில்லை. கதை என்று தெரிந்தே பார்க்கிறார்கள். கதையைக் கதையென்று தெரிந்து பார்க்கிறவனை, கதையைச் சரித்திரமென்று நம்பி மொட்டை போட்டுக்கொள்ளுகிறவன் கண்டிக்க வருவது வேடிக்கைதான்.

ஆகவே நாம் அப்படங்களைப் பார்க்கக்கூடாதென்று சொல்லவரவில்லை. நாமே சிலவற்றைப் பார்த்தோம். அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து, தெரியாத இடத்தில் ஒரு கல்லூரிப் பையனைக் கேட்டுக்கொண்டுதான் பார்த்தோம். சண்டைப் படங்கள், காதல் படங்கள் இவைகளைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ராஜ்யம், மந்திரி, வரி, தானியம், சட்டம் என்று அரசியலையே கதையாக வைத்து எடுத்திருக்கிற ஒரு தினுசுப் படங்கள் இருக்கின்றன. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பையன்கள் முக்கியமாக இவைகளைத்தான் விரும்புகிறார்கள். ஏன் விரும்புகிறார்கள் என்பதே நம் விசாரணை.

2021ல் வெளிவந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுவோம். யதார்த்தவாதியான ஒரு வீரன் ராஜ்யத்தைச் சீர்திருத்திய வரலாறு என்று அதன் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். சோமா என்ற ஜப்பானிய வாலிபன். அவனை மந்திரத்தால் வேறொரு உலகத்து ராஜ்யத்திற்கு வரவழைத்துவிடுகிறார்கள். அசுரர்கள் உலகத்தை விழுங்கிக்கொண்டு வருகிறார்கள், நீ வீரன், வாளெடு என்கிறார்கள். அவன் வாளெடுக்கவில்லை. கணக்கைக் கொண்டுவா என்கிறான்! ராஜ்யத்தில் பஞ்சம். ஏன் பஞ்சம்? யுத்தத்தினால் பருத்திக்குக் கிராக்கி ஏறி, விலை நன்றாக இருக்கிறதென்று குடியானவர்கள் எல்லாரும் தானியத்தை விட்டுவிட்டுப் பருத்தி போட்டுவிட்டார்கள். பணம் வந்தது, சோறு குறைந்தது என்று அவன் கண்டுபிடிக்கிறான். அரண்மனையில் சும்மா மின்னிக்கொண்டிருந்த பொக்கிஷங்களை விற்றுக் காசாக்குகிறான். பிறகு நாடு முழுவதற்கும் ஒரு அழைப்பு விடுகிறான். எந்தக் குலம், எந்த இனம் என்று கேட்கமாட்டேன், உன்னிடம் என்ன திறமை இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து காட்டு என்பது அந்த அழைப்பின் சாரம். ஊர் ஊராய்ப் போய்த் தின்றே சொத்தை அழித்த ஒரு பருத்த மனிதன் எல்லாரும் சிரிக்க வந்து நிற்கிறான். எந்த ஊரில் எதைத் தின்கிறார்கள் என்பது இவனைவிட யாருக்குத் தெரியும் என்று சொல்லி, பஞ்சத்துக்கு மாற்று உணவு கண்டுபிடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுகிறான்.

கமுதி கரிசல் காட்டுக்காரன் ஒருவனை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பருத்தியும் மிளகாயும் போட்டு, அரிசிக்கு ரேஷன் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஊர்க் குடியானவனுக்கு இது அன்னிய தேசத்துச் சங்கதியாகவா தோன்றும்? பருத்தி விலை விழுந்த வருஷத்தில் என்ன ஆகிறதென்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த விலை யாரால், எங்கே, எப்படித் தீர்மானமாகிறதென்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? தினசரிப் பத்திரிகையைத் திறந்தால் யார் எந்தக் கூட்டணியில் சேர்ந்தார், யார் யாரைப் பார்க்கப் போனார், யார் யாருக்குச் சால்வை போட்டார் என்பதுதான் அரசியல். அதில் கண்மாய் இல்லை, மடை இல்லை, தானியக் கணக்கு இல்லை. பொம்மைப் படத்தில் இவைகள் இருக்கின்றன. ராஜ்யபாரம் என்பது தெய்வ ரகசியமல்ல, ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்தால் விளங்கிக்கொள்ளக்கூடிய காரியம் என்று அந்தப் படம் காட்டுகிறது. திறமையைக் கேட்டு வேலை கொடுக்கிற ஒரு சர்க்காரையும் காட்டுகிறது. சர்க்கார் பரிட்சைக்கு வருஷக்கணக்காய்ப் படித்துக்கொண்டிருக்கும் பையன் அதைப் பார்த்து ஏங்கமாட்டானா? ஏங்கட்டும். அந்த ஏக்கத்தை நாம் பரிகாசம் செய்யமாட்டோம். பெரியவர்கள் அவனுக்குக் கொடுக்கத் தவறிய பாடத்தை ஜப்பான்காரன் கொடுக்கிறான் என்றுதான் சொல்லுவோம்.

ஆனால் இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

அந்த சோமா எப்படி ராஜா ஆனான்? பழைய ராஜா அவனுடைய யோசனையைக் கேட்டார், மகிழ்ந்தார், கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தார், மகளையும் நிச்சயம் செய்தார். முடிந்தது! ஜனங்களை ஒருவன்கூடக் கேட்கவில்லை. நல்லவனாக வாய்த்தான், ஜனங்கள் பிழைத்தார்கள். கெட்டவனாக வாய்த்திருந்தால்? அதே கிரீடம், அதே மகள், அதே ஜனங்கள். கதை எழுதியவன் நல்லவனைப் போட்டான் என்பதைத் தவிர அந்த ராஜ்யத்துக்கு வேறு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கேட்கிறோம்.

இன்னொரு படத்தில் இது இன்னும் பச்சையாக இருக்கிறது. ‘பன்னிரண்டு ராஜ்யங்கள்’ என்ற பொருளில் ஃபுயுமி ஓனோ என்னும் அம்மையார் எழுதிய நாவல்களை, ஜப்பானின் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய என்.எச்.கே. 2002, 2003 வருஷங்களில் 45 பாகங்களாகக் காட்டிற்று. அதில் ‘கிரின்’ என்று ஒரு தெய்வீக மிருகம். வானத்தின் சித்தத்தை அறிந்து அந்த மிருகம் ஒருவர் காலில் விழுந்தால் அவர்தான் ராஜா. ராஜா கெட்டுப்போனால் மிருகத்துக்கு வியாதி வரும். மிருகம் செத்தால் ராஜாவும் சாவார். நம் ஜனங்களுக்கு இது புதிதா? பட்டத்து யானையின் கண்ணைக் கட்டித் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்பி, அது எவன் கழுத்தில் போடுகிறதோ அவனே ராஜா என்று நம்மவர்கள் சொல்லவில்லையா? கரிகாலனுக்கும் அந்தக் கதை, மூர்த்தி நாயனாருக்கும் அந்தக் கதை. ஜப்பானில் மிருகத்துக்கு ஒற்றைக்கொம்பு, நம் ஊரில் தும்பிக்கை, அவ்வளவுதான் வித்தியாசம். மனிதனுக்கு மனிதன் ஓட்டுப் போடுவதைவிட மிருகம் ஓட்டுப் போடுவது மேல் என்று நினைக்கிற புத்தி மட்டும் இரண்டு தேசத்துக்கும் பொது.

அப்படியிருந்தும் அந்தப் படத்தை நாம் வெறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. யோகோ என்ற பள்ளிக்கூடத்துப் பெண் அதில் கேய் என்னும் நாட்டுக்கு ராணியாகிறாள். எதற்கெடுத்தாலும் மந்திரிகள் அவள் முன் நெற்றி தரையில் படும்படி விழுகிறார்கள். அவள் போடுகிற முதல் சாசனம் என்ன தெரியுமா? இனிமேல் யாரும் யார் முன்னாலும் தரையில் விழக்கூடாது என்பதே! ஒவ்வொருவரும் தன்னைத் தானே ஆளுகிற ராஜாவாக இருக்கவேண்டும் என்பது அவள் சொல்லுகிற காரணத்தின் கருத்து. மந்திரிகளே தலைவர் காலில் வரிசையாய் விழுந்தெழுந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு பொம்மைப் படத்து ராணி இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆனாலும் தோழர்களே, விழாதே என்று சொல்லவும் ஒரு ராணிதானா வரவேண்டும்? நம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆதிதிராவிடர்கள் பொன் வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேஷ்டி தொங்கக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது, குடை செருப்பு கூடாது என்று மேல்ஜாதி நாட்டார்கள் கட்டளை போட்டார்கள். அது எட்டுக் கட்டளை. மறு வருஷம் ஜூனில் பதினொன்றாக வளர்ந்தது. மீறினவர்களுடைய குடிசையும் சொத்தும் பட்ட பாட்டை வெள்ளைக்கார அதிகாரி ஹட்டனே தன் புஸ்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டளையை ரத்து செய்ய வானத்திலிருந்து எந்த மிருகமும் இறங்கவில்லை. உதைபட்டுக்கொண்டும் சட்டையைப் போட்டானே ஒருவன், அவனால் ரத்தாயிற்று. அவனுக்குச் சாசனமும் இல்லை, படமும் இல்லை.

நல்ல ராஜா எப்படியிருப்பார்?

“அப்படியானால் நல்ல ராஜா கிடைத்தால்கூட வேண்டாம் என்கிறீர்களா?” என்று ஒரு வாலிபர் நம்மைக் கேட்டார். நல்ல ராஜா என்றால் எப்படியிருப்பார் என்பதற்குக் கமுதிக்காரன் வெளியூர் போய்ச் சாட்சி தேடவேண்டியதில்லை. குண்டாற்றங்கரையில் சேதுபதி காலத்துக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஊருக்குள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவில் நிற்கிறது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியை வள்ளல் என்று எல்லாரும் சொல்லுவார்கள். நாமும் இல்லையென்று சொல்லவில்லை. படித்தவர், தாராளமான கை, தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர். 1897 ஜனவரி 26ந் தேதி விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினபோது எதிர்கொண்டு அழைத்து, அவருடைய வண்டியை ஜனங்களோடு சேர்ந்து தாமே இழுத்தாரென்று எழுதிவைத்திருக்கிறார்கள். பொம்மைப் படத்தில் போட்டால் இதைவிட நல்ல ராஜா கிடைக்கமாட்டார்.

அதே வருஷம் மே மாதம் 14ந் தேதி. நாலு மாதம்கூட ஆகவில்லை. கமுதி நாடார்கள் சிலர் மேற்படி மீனாட்சி கோவிலுக்குள் நுழைந்து சாமி கும்பிட்டுவிட்டார்கள். கொள்ளையடிக்கவில்லை, யாரையும் வெட்டவில்லை, கும்பிட்டார்கள். கோவிலின் பரம்பரை தர்மகர்த்தா யார்? அதே வள்ளல் ராஜா. அவர் பேரால் மதுரை சப் கோர்ட்டில் வழக்கு. கோவில் தீட்டாகிவிட்டது, இவர்கள் நுழையக்கூடாதென்று தடை வேண்டும், தீட்டுக் கழிக்கும் செலவையும் இவர்களே கட்டவேண்டும் என்பது பிராது. 1899ல் மதுரையில் நாடார்களுக்குத் தோல்வி. 1901ல் சென்னை ஹைக்கோர்ட்டிலும் தோல்வி. 1908ல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோல்வி. கமுதிக் கடைத்தெருவில் வியாபாரம் செய்து சேர்த்த காசு கடல் தாண்டிப் போய், பதினோரு வருஷம் அலைந்து, நீ உள்ளே வரத் தகுதியில்லாதவன்தான் என்ற காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பிற்று!

இதில் நாம் ராஜாவை வைய வரவில்லை. அவர் கெட்டவரென்றால் விஷயம் சுலபமாய்ப் போய்விடும். கெட்ட ராஜா போய் நல்ல ராஜா வந்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிடலாம். அவர் நல்லவர் என்பதுதான் இங்கே சங்கதி. ஜனவரியில் வண்டியிழுத்த நல்ல மனிதர்தான் மே மாதத்தில் நடந்ததற்குக் கோர்ட்டுக்குப் போனார். ஏனென்றால் ராஜா என்பவர் தனி மனிதர் அல்ல. அவர் ஒரு ஏற்பாட்டின் உச்சி. கீழே அர்ச்சகர், ஸ்தானிகர், ஜாதி முறை, மண்டகப்படி, பரிவட்டம் எல்லாம் அடுக்கியிருக்கின்றன; உச்சியில் இருக்கிறவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் அடுக்கைக் கலைத்தால் தாமே விழவேண்டும். மராட்டியத்தில் சிவாஜி வாளால் ராஜ்யம் சம்பாதித்தும், 1674ல் முடிசூட்டிக்கொள்ளக் காசியிலிருந்து காகபட்டர் வந்து க்ஷத்திரியன் என்று சர்டிபிகேட் கொடுக்கவேண்டியிருந்ததே, அது ஏன்? பொம்மைப் படக்காரன் இந்த அடுக்கைக் காட்டுவதில்லை. அவனுடைய நல்ல ராஜா உத்தரவு போட்டால் அடுத்த காட்சியிலேயே நடந்துவிடுகிறது.

கடைசியில் கமுதிக் கோவில் கதவைத் திறந்தது எது? 1947ல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறிய ஆலயப் பிரவேசச் சட்டம். ஜமீன்தாரி முறையை ஒழித்தது எது? அதே சட்டசபையின் 1948ம் வருஷத்துச் சட்டம். அந்தச் சபைகளின் யோக்கியதையைப் பற்றி நமக்கு வேண்டிய மட்டும் புகார் உண்டு. ஆனால் பேசிச் சண்டை போட்டு, ஓட்டெடுத்து, காகிதத்தில் எழுதிச் செய்த காரியம் அது. பார்க்க அழகாயிராது. படமாக எடுத்தால் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள்.

நாடோடி மன்னன் வம்சம்

பெரியவர்கள் சிரிக்கவேண்டாம். 1958ல் ‘நாடோடி மன்னன்’ வந்தபோது கொட்டகையில் மணலைக் கூட்டி மேடை போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? இவர்களும் இவர்களுடைய தகப்பன்மாரும்தான். ராஜாவைப் போலவே முகமுள்ள ஒரு ஏழை, ராஜாவைக் கடத்திக்கொண்டுபோன சமயத்தில் அவர் ஸ்தானத்தில் உட்கார்ந்து, ஏழைகளுக்கு வேண்டிய சட்டங்களைப் போடுகிறான். நல்ல சட்டங்கள்தான், கேட்டுக் கைதட்டினார்கள். ஆனால் அந்த ஏழை சட்டம் போடுகிற அதிகாரத்தை எப்படிப் பெற்றான்? முக ஜாடையால்! ராஜாவின் ஜாடை இல்லாத கோடிக்கணக்கான ஏழைகள் என்ன செய்வது என்ற கேள்விக்குப் படம் முடிந்து வெளியே வந்த பிறகாவது யாராவது பதில் தேடினோமா? பத்தொன்பது வருஷம் கழித்து, 1977ல், அதே நடிகரை முதல் மந்திரி ஆக்கினோம். அவர் ஆட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். படத்து ராஜாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் பாக்கி எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிற வழக்கம் நமக்கு ஜப்பானிலிருந்து இறக்குமதியானதல்ல என்பதற்காகச் சொல்லுகிறோம். இன்றைக்கும் கலெக்டரிடம் ஜனங்கள் காகிதம் கொடுக்கிற நாளுக்குச் சர்க்காரே வைத்த பெயர் ‘மனுநீதி நாள்’. கொடுக்கிறதும் மனு, அவன் பெயரும் மனு. மணியடித்த பசுவின் ஸ்தானத்தில் நாம்!

வாலிபர்களில் கொஞ்சம் அதிகம் படித்தவர்கள் வேறொன்று சொல்லுகிறார்கள். “ஜனநாயகம் என்று லஞ்சக்காரர்களிடம் அகப்பட்டுச் சாவதைவிட, யோக்கியமான சர்வாதிகாரி ஒருவன் வந்து பத்து வருஷம் சுத்தம் செய்தால் என்ன?” இந்தக் கேள்வியையே 110 பாகங்களுக்கு நடத்துகிற படம் ஒன்று இருக்கிறது. யோஷிகி தனகா எழுதிய நக்ஷத்திர மண்டலத்து வீரர்களின் கதை. 1988 முதல் 1997 வரை வெளிவந்தது. ஒரு பக்கம் பிரபுக்களின் கொட்டத்தை அடக்கி நியாயமாய் ஆளுகிற அழகான சக்கரவர்த்தி ரெய்ன்ஹார்ட். மறு பக்கம் அழுகிப்போன ஒரு குடியரசு. அதற்காகச் சண்டை போடுகிற யாங் என்னும் சோம்பேறித் தளபதி. சக்கரவர்த்தியைச் சுட்டு வீழ்த்த இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்ற நேரத்தில், யுத்தத்தை நிறுத்து என்று தன் சர்க்காரிடமிருந்து உத்தரவு வருகிறது. உத்தரவிட்டவர்கள் யோக்கியர்கள் அல்லவென்று யாங்குக்குத் தெரியும். அப்படியிருந்தும் துப்பாக்கியைக் கீழே வைக்கிறான். பையன்கள் அநேகர் அந்த இடத்தில் அவனைப் பைத்தியக்காரன் என்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. தளபதி தன் யோக்கியதையை நம்பி ஒரு தடவை சட்டத்தை மீறினால், அடுத்த தடவை யோக்கியதையில்லாதவன் அதே வழியில் வருவான். மேலும், நல்ல சர்வாதிகாரி செத்த மறுநாள் என்ன ஆகும்? அவனுக்குப் பிள்ளை இருப்பான். பிள்ளைக்கு அப்பன் புத்தி இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

கதையில் அன்னியன் ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பிரபுக்கள் முதலில் முறைத்து, பிறகு வணங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் எப்படியென்று மேலூர் பக்கத்து மேலவளவு சொல்லும். சட்டப்படி ஒதுக்கிய பஞ்சாயத்தில், சட்டப்படி ஓட்டு வாங்கித் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30ந் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நாலு பஞ்சாயத்துகளில் ஆதிதிராவிடர் ஒருவரைத் தலைவராக உட்காரவைக்க 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் பிடித்தது. ஒரு பஞ்சாயத்து நாற்காலிக்கே இவ்வளவு என்றால், அந்த நாற்காலியில் என்னமோ இருக்கிறது என்று அர்த்தமாகவில்லையா? உபயோகமில்லாத பொருளுக்காக எவனும் கொலை செய்யமாட்டான்.

அந்த நாற்காலி இப்போது என்ன ஆயிற்று என்பதற்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 243-E பிரிவில், பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடியுமுன்பே அடுத்த தேர்தல் நடந்து முடியவேண்டும் என்று சந்தேகமில்லாமல் எழுதியிருக்கிறது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டில் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர் ராஜ்யம். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ந் தேதி முடிந்தது. மறுபடியும் நம் ஜில்லா உள்பட 28 ஜில்லாக்களில் தேர்தல் நடவாமல் தனி அலுவலர்களிடம் சாவியைக் கொடுத்தார்கள். கமுதி பேரூராட்சிக்கு 2022ல் தேர்தல் நடந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்குத்தான் இந்தக் கதி. முன்னே ஒரு கட்சி சர்க்கார், பின்னே வேறொரு கட்சி சர்க்கார். இந்த விஷயத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் பதில் சொல்ல ஊரில் ஓட்டு வாங்கினவன் ஒருவனும் இல்லை. இதற்காகக் கமுதி ஒன்றியத்தில் எத்தனை கூட்டம் போட்டோம்? எத்தனை வாலிபர்கள் கொதித்தார்கள்? பொம்மை ராஜ்யத்தில் ஒரு மந்திரி மாறினால் விடிய விடியத் தர்க்கம் செய்கிற பையனுக்குத் தன் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைவரே இல்லை என்பது செய்தியாகப் படவில்லை!

இன்னும் ஒன்று. கமுதி செங்கப்படைப் பக்கம் சுமார் 2,500 ஏக்கரில் அதானி கம்பெனியின் சூரிய மின்சார நிலையம் 2016ல் ஏற்பட்டது. 648 மெகாவாட். ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரியதென்று அப்போது விளம்பரம் செய்தார்கள். ஒரு யூனிட் 7 ரூபாய் 1 காசு வீதம் வாங்கிக்கொள்ளுவதாக 2015ல் சர்க்கார் மின்சாரக் கழகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த விலை நியாயமா அநியாயமா என்பதை இங்கே விவாதிக்க வரவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். பொம்மை ராஜ்யத்துப் பருத்திக் கணக்கைச் சுத்தமாய்ச் சொல்லுகிற நம் வாலிபருக்கு, தன் ஊர் வெயிலின் விலை தெரியுமா என்பதுதான் கேள்வி. நாம் பதினைந்து பேரைக் கேட்டோம். ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அங்கே எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர்.

ராஜாவும் இல்லாமல் சர்க்காரும் இல்லாமல் காரியம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கோர்ட்டில் பதினோரு வருஷம் தோற்ற அதே சமூகத்து வியாபாரிகள், மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டுத் தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்டார்கள். அதில் கிணறு வெட்டினார்கள், பேட்டை கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1889ல் ஏற்பட்ட விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையைப் பிடியரிசி எடுத்து நடத்தினதாக அவ்வூரார் சொல்லுவார்கள். ஜாதிக்குள்ளேயே சுற்றி வந்த ஏற்பாடு அது, பெயரிலேயே க்ஷத்திரியப் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் வரி போட்டவனே கணக்கும் கேட்டான். கணக்குக் காட்டாதவன் முறைகாரனாக இருக்கமுடியவில்லை. அந்த மகமை நோட்டைப் பற்றி ஒருவன் படம் எடுக்கட்டுமே, முதல் டிக்கெட்டை நாம் வாங்குகிறோம்.

மேலே சொன்ன ‘பன்னிரண்டு ராஜ்யங்கள்’ படத்தில் ஒரு ராஜகுமாரி வருகிறாள். பெயர் ஷோகே. அவள் தகப்பன் அற்பக் குற்றத்துக்கெல்லாம் மரண தண்டனை போட்டு லக்ஷக்கணக்கில் ஜனங்களைக் கொன்றவன். கடைசியில் கலகம் செய்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். மகள் அழுகிறாள்: எனக்கு ஒன்றுமே தெரியாது, நான் அரண்மனைக்குள் இருந்தேன், என்னை ஏன் தண்டிக்கிறீர்கள் என்கிறாள். உனக்குத் தெரியாமல் இருந்ததுதான் உன் பேரில் உள்ள குற்றம் என்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள அவளுக்கு வெகுநாள் பிடிக்கிறது. நம் வாலிபர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது மிருகத்தையும் வாளையும் ராணியையும் பற்றித்தான் பேசுகிறார்கள். ஷோகேயைப் பற்றிப் பேசுகிறவர் ஒருவரையும் நாம் சந்திக்கவில்லை. அவளைத்தான் திரும்பப் பார்க்கச் சொல்லுகிறோம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், “அண்ணே, படத்துல சோமா கணக்கைக் கொண்டான்னா கொண்டாந்து குடுத்துர்றாங்க. நான் போய் பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டா குடுப்பாங்களா?” என்றான். கொடுக்கமாட்டார்கள். 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி வெள்ளைக் காகிதத்தில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தால் முப்பது நாளில் கொடுத்தாகவேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. வரவு செலவை அங்கே வைக்கவேண்டும். ஸ்டாம்பு வாங்கக் கமுதியில் எங்கே போகவேண்டும் என்று அவன் கேட்டான். சொல்லி அனுப்பியிருக்கிறோம்.